கொசு பரப்பும் வைரஸ்களை உடல் திரவங்களில் கண்டுபிடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா, மேற்கு நைல், ஜப்பானிய மூளைக்காய்ச்சல் எனக் கொசுவால் பரவும் வைரஸ்களுக்கான பரிசோதனை பற்றி நோயாளியின் வீட்டாரும் செவிலியரும் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களும் கேட்கும் கேள்விகள் இங்கே உள்ளன. சிலவற்றுக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். சிலவற்றுக்கு ஆய்வக மேசை வரை போய்த்தான் ஆக வேண்டும்.

காய்ச்சல் தொடங்கி எட்டு நாள் ஆகிறது. இரத்தத்தில் பிசிஆர் (வைரஸின் மரபணுப் பொருளைப் பெருக்கித் தேடும் சோதனை) செய்ததில் வைரஸ் இல்லை என்று வந்தது. அப்படியானால் டெங்கு இல்லைதானே?

அப்படிச் சொல்லிவிட முடியாது. எட்டாம் நாளில் எடுத்த அந்தச் சிறு அளவு இரத்தத்தில் வைரஸின் மரபணுப் பொருளான ஆர்என்ஏ அகப்படவில்லை என்பது மட்டுமே அந்த முடிவுக்குப் பொருள். டெங்கு வைரஸ் காய்ச்சல் தொடங்க ஓரிரு நாள் முன்பே இரத்தத்துக்கு வந்துவிடுகிறது. முதல் ஐந்து நாட்கள் ஏராளமாக இருக்கும். ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் வடிந்துவிடும். அதன் பிறகு எவ்வளவு உயர்ந்த கருவியில் தேடினாலும் இல்லாததைக் கண்டுபிடிக்க முடியாது.

நான்காம் ஐந்தாம் நாளிலிருந்து உடல் ஐஜிஎம் ஆன்டிபாடியை, அதாவது வைரஸை எதிர்க்கும் புரதத்தை, உருவாக்கத் தொடங்குகிறது. ஆகவே எட்டாம் நாளில் கேட்டிருக்க வேண்டிய சோதனை அதுதான். தவறான நாளில் சரியான சோதனையைச் செய்வதால் தப்பும் நோயாளிகள் அநேகம். என் பார்வையில், கண்டறிதலை மேம்படுத்த இன்றே செலவில்லாமல் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டென்றால், காய்ச்சல் தொடங்கிய நாளைக் கேட்டு, எழுதி, அதன்படி சோதனையைத் தேர்ந்தெடுப்பதுதான்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விடாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தக்கசிவு, சோர்ந்து துவண்டு கிடப்பது ஆகியவை தெரிந்தால் எந்த முடிவுக்கும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

என்எஸ்1 சோதனை எளிது, விரைவாக முடிவு வருகிறது. அது போதாதா?

முதல் சில நாட்களுக்கு மிக நல்ல சோதனை. டெங்கு வைரஸ் புகுந்த செல்கள் என்எஸ்1 என்ற புரதத்தை இரத்தத்தில் கொட்டுகின்றன. காய்ச்சலின் முதல் நாளிலேயே அது தெரியும். வைரஸின் ஆர்என்ஏ மறைந்த பிறகும் சில நாள் தங்குவதுண்டு.

ஆனால் ஒரு பலவீனம் இருக்கிறது. ஏற்கெனவே ஒருமுறை டெங்கு வந்தவர்களின் உடலில் பழைய ஆன்டிபாடிகள் இருக்கும். புதிதாகச் சுரக்கும் என்எஸ்1 புரதத்தை அவை சுற்றிப் பிடித்துக்கொள்வதால், சோதனைப் பட்டைக்கு அது தெரியாமல் போகலாம். இரண்டாம் முறை டெங்கு வருபவர்களுக்குத்தான் நோய் கடுமையாகும் ஆபத்து கூடுதல். அவர்களிடத்திலேயே சோதனையின் கண் மங்குகிறது என்பதுதான் கவலை தரும் விஷயம். அமிலத்தால் அல்லது வெப்பத்தால் அந்தப் பிணைப்பைப் பிரித்தால் மறைந்திருந்த என்எஸ்1 மீண்டும் வெளிப்படுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் அன்றாடப் பயன்பாட்டுக்கு என்எஸ்1, ஐஜிஎம் இரண்டையும் ஒரே மாதிரியில் சேர்த்துச் செய்வதே எளிய வழி. முந்தைய நோயில் உருவான ஐஜிஜி ஆன்டிபாடி இரண்டாம் தொற்றில் வேகமாக ஏறும் என்பதால், அதையும் பார்த்தால் படம் இன்னும் தெளிவாகும்.

இரத்தம் எடுத்த பிறகு சிறுநீரும் ஏன் கேட்கிறார்கள்?

சில வைரஸ்கள் இரத்தத்தை விட்டுப் போன பிறகும் சிறுநீரில் தங்குவதால்தான். இதை உலகுக்கு அழுத்தமாக உணர்த்தியது ஜிகா. 2013ஆம் ஆண்டு பிரெஞ்சு பாலினீசியாவில் ஜிகா பெரிதாகப் பரவியது. அங்கிருந்து நியூ கலிடோனியாவுக்கும் போனது. நியூ கலிடோனியா நோயாளிகளின் சிறுநீரைத் தொடர்ந்து சோதித்தபோது, இரத்தச் சீரத்தில் (உறைந்த இரத்தத்திலிருந்து பிரியும் தெளிந்த நீரில்) வைரஸ் மறைந்த பின்னும், நோய் தொடங்கிப் பத்து நாளுக்கு மேலாகியும், சிறுநீரில் அதன் ஆர்என்ஏ தெரிந்தது. 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், அறிகுறி தொடங்கி 14 நாளுக்குள் சிறுநீரையும் சோதிக்கும்படி வழிகாட்டியது.

ஜிகாவின் அறிகுறிகள் லேசானவை. பலருக்குத் தெரிவதே இல்லை. தெரிந்து மருத்துவரிடம் வருவதற்குள் இரத்தத்தில் வைரஸ் தீர்ந்துவிட்டிருக்கும். ஜிகா கருவைப் பாதிக்கக்கூடியது; வயிற்றில் குழந்தையைச் சுமக்கும் ஒரு பெண்ணுக்கு 'இருக்கிறதா, இல்லையா' என்ற பதில் எவ்வளவு பெரியது என்பதை நினைத்தால், ஒரு குப்பி சிறுநீர் கூடுதலாகக் கொடுத்த அந்த ஒரு வார அவகாசத்தின் மதிப்பு புரியும்.

மேற்கு நைல் வைரஸுக்கும் சிறுநீர் உதவுகிறது. டெங்குவிலும் சிறுநீரில் ஆர்என்ஏ கிடைக்கும். அளவு குறைவு, ஆனால் சற்று நீண்ட நாள் கிடைக்கும்.

சீரம், முழு இரத்தம்: எதை அனுப்புவது?

ஆன்டிபாடி சோதனைக்குச் சீரம். வைரஸைத் தேடுவதற்கு முழு இரத்தத்தையும் தூக்கி எறியாமல் வைத்துக்கொள்வது நல்லது. மேற்கு நைல் வைரஸின் ஆர்என்ஏ சிவப்பணுக்களோடு ஒட்டிக்கொள்கிறது. பிளாஸ்மாவில் (இரத்தத்தின் அணுக்கள் நீங்கிய நீர்ப்பகுதியில்) அது மறைந்து வெகு நாளான பின்னும், சில மாதங்கள் வரைகூட, முழு இரத்தத்தில் தெரிவதுண்டு. ஜிகாவும் சீரத்தைவிட முழு இரத்தத்தில் நீண்ட காலம் நிற்கிறது. சீரம் பிரித்தெடுத்துவிட்டு அணுக்களைக் கொட்டிவிடும் வழக்கம் இந்த வாய்ப்பைத்தான் கொட்டிவிடுகிறது.

ஆனால் மாதக்கணக்கில் தெரியும் ஆர்என்ஏ புதிய தொற்றுக்குச் சான்றாகாது, அந்த நபர் இன்னும் தொற்றைப் பரப்புகிறார் என்பதற்கும் சான்றாகாது. விந்துவில் ஜிகா ஆர்என்ஏ பல மாதங்கள் தெரிந்தவர்கள் உண்டு. அவர்களிடம் உயிருள்ள வைரஸ் கிடைத்தது பெரும்பாலும் முதல் சில வாரங்களில்தான்.

ஊசியே குத்தாமல் உமிழ்நீரில் பார்க்க முடியாதா? குழந்தைகளுக்கு எவ்வளவு நிம்மதியாக இருக்கும்!

பார்க்கலாம், ஆனால் இரத்தத்துக்குப் பதிலாக வைக்கும் அளவுக்கு இன்னும் வரவில்லை. பிரெஞ்சு பாலினீசியாவில் இரத்தத்தோடு உமிழ்நீரையும் சேர்த்துப் பார்த்தபோது, இரத்தத்தில் தப்பிய சில ஜிகா நோயாளிகள் உமிழ்நீரில் பிடிபட்டார்கள். கைக்குழந்தைகளிடம் இரத்தம் எடுப்பது சிரமமானபோது அது கைகொடுத்தது. ஆனால் வைரஸைக் காணக்கூடிய நாட்களை உமிழ்நீர் நீட்டித் தரவில்லை. டெங்குவிலும் உமிழ்நீரில் ஆர்என்ஏ, என்எஸ்1, ஆன்டிபாடி மூன்றும் கிடைக்கும். எல்லாமே இரத்தத்தைவிடக் குறைவான அளவில்.

மூளைக்காய்ச்சல் சந்தேகம் என்றால் தண்டுவட நீரை எடுத்தே ஆக வேண்டுமா? பயமாக இருக்கிறது.

பயம் இயல்புதான். ஆனாலும் மருத்துவர் பரிந்துரைத்தால் மறுக்காதீர்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் மனித இரத்தத்தில் சொற்ப அளவில், சொற்ப நாள்தான் இருக்கும். நோயாளி மயங்கி மருத்துவமனை வந்து சேர்வதற்குள் அது பெரும்பாலும் போய்விட்டிருக்கும். பிசிஆர் வெறுங்கையோடு திரும்புவதே வழக்கம்.

தண்டுவட நீரில் ஐஜிஎம் இருந்தால் அதன் பொருள் வேறு. ஐஜிஎம் பெரிய மூலக்கூறு. இரத்தத்திலிருந்து மூளைப் பக்கம் எளிதில் கசிந்து போகாது. அங்கே அது இருக்கிறதென்றால் நரம்பு மண்டலத்துக்குள்ளேயே உருவாகியிருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும். இரத்தத்தில் மட்டும் ஐஜிஎம் இருந்தால் அந்த உறுதி கிடைக்காது. ஏனெனில் இந்த வைரஸ் புகுந்தவர்களில் சுமார் 250 பேரில் ஒருவருக்குத்தான் கடும் நோய் வருகிறது. மற்றவர்கள் அறியாமலே ஆன்டிபாடியோடு நடமாடுவார்கள். அப்படிப்பட்ட ஒருவர் வேறு காரணத்தால் மூளைக்காய்ச்சலோடு வந்தால் இரத்த முடிவு திசைதிருப்பிவிடும். நோய் தொடங்கி ஓரிரு நாளில் எடுத்த நீரில் ஐஜிஎம் இல்லையென்றால், சந்தேகம் தீராதவரை ஒரு வாரம் பத்து நாளில் மீண்டும் பார்க்க வேண்டும்.

மாதிரியில் வைரஸ் மிகக் குறைவாக இருந்தால் ஆய்வகம் என்ன செய்ய முடியும்? இன்னும் நுட்பமான கருவி வாங்குவதுதான் வழியா?

இந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்பதே சிறந்த பதில். சிறுநீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 வைரஸ் ஆர்என்ஏ பிரதிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆர்என்ஏவைப் பிரித்தெடுக்க 200 மைக்ரோலிட்டர் எடுக்கிறோம். அதில் 20 பிரதிகள். எதுவும் வீணாகாமல் அவை 50 மைக்ரோலிட்டர் கரைசலில் வந்து சேர்கின்றன என்றே கொள்வோம். அதிலிருந்து 5 மைக்ரோலிட்டர் பிசிஆர் குழாய்க்குள் போகிறது. கையில் மிஞ்சியவை சராசரியாக 2 பிரதிகள். சராசரி 2 என்றால், தற்செயலின் விதிப்படி 100 முறையில் சுமார் 13 முறை குழாய்க்குள் ஒரு பிரதிகூட விழாது. உலகின் எந்தக் கருவியும் அந்தக் குழாயில் எதையும் காண முடியாது.

இப்போது 200 மைக்ரோலிட்டருக்குப் பதிலாக 1 மில்லிலிட்டரைப் பிரித்தெடுத்து அதே 50 மைக்ரோலிட்டரில் கரைத்தால், குழாய்க்குள் சராசரியாக 10 பிரதிகள் போகும். கைவிட்டுப் போகும் வாய்ப்பு ஏறத்தாழ இல்லாமலாகிறது. மாதிரியைக் கூட்ட முடியாதபோது அதே கரைசலை மூன்று குழாய்களில் ஓட்டினால், மூன்றுமே வெறுமையாக இருக்கும் வாய்ப்பு 400இல் ஒன்று என்ற அளவுக்குக் குறையும். 5 மைக்ரோலிட்டருக்குப் பதில் 10 போடுவதும் உதவும், வேதிக்கலவை அதைத் தாங்குமானால்.

கருவியின் விலைப்பட்டியலைப் புரட்டுவதற்கு முன் ஒவ்வொரு ஆய்வகமும் இந்தக் கணக்கைத் தன் நடைமுறைக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு எச்சரிக்கையும் உண்டு: மாதிரியைச் செறிவாக்கும்போது பிசிஆரைத் தடுக்கும் பொருட்களும் சேர்ந்தே செறிவாகும். சிறுநீரில் யூரியா, முழு இரத்தத்தில் சிவப்பணுவிலுள்ள ஹீம். அவற்றைக் கழுவி நீக்கும் திறனுள்ள பிரித்தெடுக்கும் முறை இல்லாமல் அளவை மட்டும் கூட்டினால் வேலை கெட்டுப்போகலாம்.

எந்தக் குழாயில் எடுப்பது, எப்படி வைப்பது?

இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் சேர்த்த குழாய்களில், பிசிஆருக்கு ஹெபாரின் குழாய் வேண்டாம். அது வினையைத் தடுக்கும். ஈடிடிஏ குழாய் நல்லது. ஒன்றிரண்டு நாளில் ஆய்வகத்துக்குப் போய்விடும் என்றால் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிர் போதும். அதற்கு மேல் தாமதமாகும் என்றால் மைனஸ் 70 டிகிரி வேண்டும். முழு இரத்தத்தை அப்படியே உறையவைத்தால் அணுக்கள் உடையும்; சீரம் அல்லது பிளாஸ்மா வேண்டுமானால் முன்பே பிரித்துவிடுங்கள்.

உறையவைத்து, உருக்கி, மறுபடி உறையவைப்பதுதான் ஆர்என்ஏவுக்குப் பெரிய கேடு. சிறுநீரில் இது இன்னும் கூடுதல். வந்தவுடன் சிறு குப்பிகளாகப் பிரித்துவைத்தால், மறுசோதனைக்கு ஒரு குப்பியை மட்டும் எடுத்தால் போதும். மற்றவை தொடப்படாமல் இருக்கும்.

'இல்லை' என்ற முடிவு உண்மையில் இல்லாததாலா, சோதனை பழுதானதாலா என்று எப்படித் தெரியும்?

ஒவ்வொரு மாதிரியிலும் அகக் கட்டுப்பாடு ஒன்றைச் சேர்த்தால் தெரியும். எம்எஸ்2 என்ற, பாக்டீரியாவை மட்டும் தாக்கும் வைரஸை அளவறிந்து மாதிரியில் கலந்து, அதுவும் கடைசியில் தெரிகிறதா என்று பார்ப்பது பரவலான முறை. மனித மரபணுப் பகுதி ஒன்றைத் தேடிப் பார்ப்பதும் உண்டு. கலந்ததே தெரியவில்லை என்றால் முடிவு 'இல்லை' அல்ல, 'செல்லாது'. அப்போது மாதிரியை நீர்க்கச் செய்து மீண்டும் ஓட்ட வேண்டும், அல்லது புதிதாகப் பிரித்தெடுக்க வேண்டும். அகக் கட்டுப்பாடு இல்லாமல் வெளியிடப்படும் எதிர்மறை முடிவை நான் முடிவாகவே மதிப்பதில்லை.

சிடி மதிப்பு 38 என்று வந்திருக்கிறது. இருக்கிறது என்று எழுதுவதா, இல்லை என்றா?

இரண்டையும் உடனே எழுத வேண்டாம். சிடி மதிப்பு என்பது வைரஸ் தெரியும்வரை பிசிஆர் எத்தனை சுற்றுப் பெருக்கியது என்ற எண். அது 3.3 கூடினால் ஆர்என்ஏ சுமார் பத்து மடங்கு குறைவு என்று பொருள். 38 என்பது ஒன்றிரண்டு பிரதிகளின் எல்லை. பக்கத்துக் குழாயிலிருந்து தெறித்த துளியும் இதே எண்ணைத் தரும். மூல மாதிரியிலிருந்து மறுபடி பிரித்தெடுத்து, முடிந்தால் அதே வைரஸின் வேறொரு மரபணுப் பகுதியை இலக்காக்கி ஓட்டிப் பாருங்கள். நோயாளியிடமிருந்து இரண்டாம் மாதிரியும் வேறு திரவமும் கேளுங்கள்.

எல்லையைத் தளர்த்தி எல்லாவற்றையும் 'இருக்கிறது' என்று எழுதிவிட்டால் கண்டறிதல் மேம்பட்டதுபோல் தோன்றும். ஆயிரம் பேரில் ஒருவருக்கு மட்டுமே தொற்றுள்ள காலத்தில், தொற்றில்லாதவர்களில் நூற்றுக்கு ஒருவரைத் தவறாகச் சுட்டும் சோதனை ஒன்று சுமார் பத்துப் பேரை வீணாகப் பயமுறுத்திவிட்டு ஒரே ஒருவரைச் சரியாகக் காட்டும்.

ஆன்டிபாடி சோதனையில் டெங்கு, ஜிகா இரண்டுமே 'உண்டு' என்று வந்தது. இரண்டு நோயும் ஒரே நேரத்திலா?

அரிதாக நடக்கும். பெரும்பாலும் காரணம் வேறு. டெங்கு, ஜிகா, மேற்கு நைல், ஜப்பானிய மூளைக்காய்ச்சல், மஞ்சள் காய்ச்சல் எல்லாம் ஃபிளேவிவைரஸ் குடும்பம். உடன்பிறந்தவர்களைப் போல் முகச்சாயல் ஒத்திருப்பதால், ஒன்றுக்காக உருவான ஆன்டிபாடி மற்றதோடும் ஒட்டும். மஞ்சள் காய்ச்சலுக்கோ ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கோ தடுப்பூசி போட்டவர்களிடமும் இந்தக் குழப்பம் வரும். சிக்குன்குனியா ஆல்ஃபாவைரஸ், அது வேறு குடும்பம்.

இந்தக் குழப்பம் ஒரு நகரத்தையே திசைதிருப்பியதுண்டு. 1999ஆம் ஆண்டு ஆகஸ்டில் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் முதியவர்கள் சிலர் மூளைக்காய்ச்சலில் விழுந்தார்கள். ஆன்டிபாடி சோதனை அதே குடும்பத்தைச் சேர்ந்த செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சல் என்று காட்டியது. அதே நேரத்தில் காகங்கள் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தன. பிராங்க்ஸ் உயிரியல் பூங்காவின் நோயியல் மருத்துவர் டிரேசி மெக்னமாராவுக்கு இது பொருந்தவில்லை. செயின்ட் லூயிஸ் வைரஸ் பறவைகளைக் கொல்வதில்லை. வைரஸையே பிரித்து அதன் மரபணுவைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, மேற்கத்திய அரைக்கோளத்தில் அதுவரை கண்டிராத மேற்கு நைல் வைரஸ் என்று.

ஐயம் வரும்போது தகடுக் குறைப்பு நடுநிலையாக்கச் சோதனை செய்கிறார்கள். நோயாளியின் சீரம் எந்த வைரஸை அதிகம் முடக்குகிறது என்று செல் வளர்ப்பில் பார்ப்பது அது. நாட்கள் பிடிக்கும், உயிருள்ள வைரஸைக் கையாள வேண்டும். முன்பே வேறு ஃபிளேவிவைரஸ் தொற்று வந்தவரிடம் இதுவும் சில சமயம் கைவிரிக்கும். இரண்டு மூன்று வார இடைவெளியில் இரு முறை இரத்தம் எடுத்து ஆன்டிபாடி அளவு நான்கு மடங்கு ஏறுகிறதா என்று பார்ப்பது பழைய முறைதான், இன்றும் நம்பத்தக்கது. ஒருமுறை மட்டும் கிடைத்த ஐஜிஎம்மை வைத்து 'இப்போதைய நோய்' என்று அடித்துச் சொல்லக் கூடாது. மேற்கு நைல் ஐஜிஎம் சிலரிடம் ஓராண்டுக்கு மேலும் நீடிக்கும்.

ஒரே குழாயில் எல்லா வைரஸையும் தேடினால் மிச்சம்தானே?

நேரமும் மாதிரியும் மிச்சம். 2016இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஜிகா, டெங்கு, சிக்குன்குனியா மூன்றையும் ஒரே வினையில் தேடும் சோதனையை வெளியிட்டது. மூன்றும் ஒரே கொசுவால், ஒரே ஊரில், ஒரேபோன்ற காய்ச்சலாக வருவதால் இது பொருத்தமான கூட்டு. ஆனால் ஒன்று அபரிமிதமாக இருந்தால் வேதிப்பொருட்களை அதுவே விழுங்கிவிட்டு, குறைவாக உள்ள மற்றதை மறைக்கலாம். கூட்டுச் சோதனையின் கண்டறியும் எல்லையைத் தனிச் சோதனையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

இதோடு சேர்ந்தது பிரைமர் பிரச்சினை. வைரஸின் குறிப்பிட்ட இடத்தில் ஒட்டி, பிசிஆர் பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு மரபணுத் துண்டுதான் பிரைமர். ஆர்என்ஏ வைரஸ்கள் ஓயாமல் மாறுபவை. பிரைமரின் 3' முனையில் (பெருக்கல் தொடங்கும் முனை) ஓரிரு மரபணு எழுத்து பொருந்தாமல் போனாலே உணர்திறன் சரியும். புதிதாகப் பதிவாகும் மரபணு வரிசைகளோடு பிரைமர்களை அவ்வப்போது ஒப்பிடுவது கணினியில் முடிந்துவிடும் வேலை.

இரத்த வங்கிகள் எப்படிச் சோதிக்கின்றன?

2002இல் இரத்தம் ஏற்றியதன் வழியே மேற்கு நைல் பரவியது அமெரிக்காவில் உறுதியானது. 2003 கோடையில் கொடையாளர் இரத்தத்தை ஆர்என்ஏ சோதனைக்கு உட்படுத்தத் தொடங்கினார்கள். ஆறு அல்லது பதினாறு பேரின் பிளாஸ்மாவைச் சிறிது சிறிதாகக் கலந்து ஒரே சோதனையாகச் செய்வது வழக்கம்; செலவு குறையும். ஆனால் மேற்கு நைல் வைரஸ் இரத்தத்தில் குறைவாகவே இருக்கும். கலக்கும்போது அது மேலும் நீர்த்து, சோதனையின் எல்லைக்குக் கீழே போய்விடலாம். ஆகவே பரவல் உச்சத்தில் இருக்கும் பகுதிகளில் ஒவ்வொருவரின் இரத்தத்தையும் தனித்தனியே சோதிக்க மாறுகிறார்கள்.

பிசிஆர் கருவியே இல்லாத இடத்தில் என்ன வழி?

பிசிஆரைப் போலவே மரபணுப் பொருளைப் பெருக்கும் லாம்ப் என்ற முறை 2000ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்களால் வெளியிடப்பட்டது. 60 முதல் 65 டிகிரி வரையிலான ஒரே வெப்பநிலையில், ஒரு மணி நேரத்துக்குள் நடந்துவிடும். சூடான தொட்டி ஒன்று போதும். ஆறு வரை பிரைமர்கள் தேவைப்படுவதால் வடிவமைப்பது கடினம், குழாயைத் திறந்தால் மாசு பரவும் அபாயமும் அதிகம்.

குறிப்பிட்ட மரபணு வரிசையைத் தேடிப்பிடிக்கும் கிரிஸ்பர் தொழில்நுட்பத்தின் வழியில் வந்த ஷெர்லாக் முறை காஸ்13 நொதியைப் பயன்படுத்துகிறது, 2017இல் அறிவிக்கப்பட்டது. 2018இல் அதனோடு ஹட்சன் என்ற எளிய முன்தயாரிப்பு சேர்ந்தது. வெப்பத்தாலும் வேதிப்பொருளாலும் மாதிரியிலுள்ள ஆர்என்ஏ சிதைக்கும் நொதிகளை முடக்கி, வைரஸையும் திறந்துவிடுகிறது. தனியே பிரித்தெடுக்காமலே சிறுநீர், உமிழ்நீர் போன்ற திரவங்களில் ஜிகா, டெங்கு வைரஸ்களை இரண்டு மணி நேரத்துக்குள் பார்க்க முடிந்தது. எனக்கு மிகுந்த நம்பிக்கை தரும் பாதை இது. ஆனால் முன்பு போட்ட கணக்கு இங்கும் பொருந்தும்: பிரித்தெடுத்துச் செறிவாக்கும் கட்டம் இல்லாததால், வினைக்குள் போகும் மாதிரியின் அளவு சிறியது.

மரபணு வரிசைமுறை எல்லாவற்றையும் தீர்த்துவிடாதா?

மாதிரியிலுள்ள மரபணு எழுத்துகளை வரிசையாகப் படிப்பது அது. எதைத் தேடுகிறோம் என்றே தெரியாதபோது அது ஈடில்லாதது. குறைந்த அளவில் உள்ள வைரஸுக்கு அப்படியே பயன்படாது. வரிசைகளில் பெரும்பங்கு நோயாளியின் சொந்த மரபணுவாகவே வந்துவிடும். 2016இல் பிரேசிலின் வடகிழக்கில் பேருந்தில் நடமாடும் ஆய்வகத்தோடு சென்ற ஜிப்ரா என்ற ஆய்வுக் குழு ஜிகாவோடு போராடியது இதனால்தான். வைரஸின் ஏறத்தாழ 10,800 எழுத்து நீள ஆர்என்ஏவைச் சுமார் 400 எழுத்துத் துண்டுகளாக, ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறும்படி பெருக்கி, பிறகு வரிசைப்படுத்தும் முறை அப்போது உருவானது.

மாதிரியோடு ஆய்வகத்துக்கு என்னென்ன எழுதி அனுப்ப வேண்டும்?

காய்ச்சல் தொடங்கிய தேதி, மாதிரி எடுத்த தேதியும் நேரமும், எந்தத் திரவம், எந்தக் குழாய், அது எவ்வளவு நேரம் குளிருக்கு வெளியே இருந்தது, முன்பு டெங்கு வந்ததா, என்னென்ன தடுப்பூசி போட்டவர், கடந்த சில வாரங்களில் எங்கெங்கே பயணம் செய்தார், அண்மையில் இரத்தம் ஏற்றப்பட்டதா, பெண்ணானால் கருவுற்றிருக்கிறாரா. கட்டம் சிறியதாக இருந்தால் தாளின் பின்பக்கத்தில் எழுதுங்கள்.